நீ கேட்டு வாங்கிய மாடிகள்

இன்று காலை துணி உலர்த்த மொட்டை மாடிக்கு ஏறினேன். கதவைத் திறந்ததும் ஈர சிமென்ட் வாசனை. இரண்டு இளைஞர்கள் கயிறு கட்டி, ஒரு வெள்ளை ஆன்டெனாப் பெட்டியைக் கீழேயிருந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர்கள் கைகள் அப்படியே நின்றுவிட்டன.

"ஆன்ட்டி, பர்மிஷன் இருக்கு. நாங்களா வரல. உங்க சொசைட்டி செக்ரட்டரிதான் திரும்பத் திரும்ப எழுதிக் கேட்டாராம்" என்றான் ஒருவன், இந்தியில், அவசர அவசரமாக.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஈரத் துணியை அப்படியே வாளியில் விட்டுவிட்டு இறங்கிப் போய், இருவருக்கும் இஞ்சி தட்டிப் போட்டு டீ கொண்டுவந்து கொடுத்தேன். நீ இதைப் பார்த்திருக்க வேண்டுமடி. மயூர் விஹாரில் ஒரு ஃபிளாட் சொசைட்டி, எங்கள் மாடிக்கு டவர் வேண்டும் என்று கம்பெனிக்கு எழுதிக் கெஞ்சுகிறது!

உனக்குத் தமிழ் படிக்க வராது. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள்; தஞ்சாவூர்த் தமிழும் தில்லி இந்தியும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவாய், ஆனால் எழுத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். என் அம்மா திருநெல்வேலியிலிருந்து எழுதும் கடிதங்களை ஆபீஸ் கேன்டீனில் நான் வாசிக்க வாசிக்கக் கேட்பாய். அதனால் இதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் எழுதுகிறேன். வீட்டில் யாரும் இல்லை, பரவாயில்லை.

நாம் இருவரும் செல்போன் கம்பெனியில் சேர்ந்த புதிதில் மொபைல் என்பது பெரிய மனிதர்கள் இடுப்பில் செருகிக்கொண்டு திரியும் பொருளாக இருந்தது. வரும் அழைப்புக்கும் காசு என்பதால், மணி அடித்தாலே பதறுவார்கள். எனக்கு இந்தி அரைகுறை. மடியில் லேப்டாப், கையில் இரண்டு போன், பழைய மாருதி வேனில் தெருத்தெருவாகப் போய், எங்கே சிக்னல் கிடைக்கிறது, எங்கே அறுந்துபோகிறது என்று வரைபடத்தில் குறிப்பது என் வேலை. டவர் வைக்க வேண்டிய இடத்தில் நான் புள்ளி வைப்பேன். அந்த வீட்டுக்குப் போய் மாடியைக் கேட்டு வாங்குவது உன் வேலை.

"புள்ளி வைக்கறது ஈஸிடி, திருநெல்வேலி. அந்தப் புள்ளிமேல ஒரு மனுஷன் குடியிருக்கான். அவன் முன்னாடி போய் நிக்கறது நான்" என்பாய்.

அந்த வேலையில் அப்போது வேறு பெண்களே இல்லை. கம்பெனி ஆட்களைக் கண்டாலே திட்டி அனுப்பும் ஒரு திரைத்துணி வியாபாரி, சரோஜினி நகர் மார்க்கெட் பக்கம், நினைவிருக்கிறதா? நீ அவர் கடைக்குப் போய்த் திரைச்சீலை வாங்கினாய். அடுத்த முறை போய் அதற்கு வளையம் வாங்கினாய். அதற்கடுத்த முறை அவருடைய மகள் கல்யாணத்துக்கு எந்தப் பந்தல்காரர் நல்லவர் என்று அரை மணி நேரம் பேசினாய். கடைசியில் அவரே, மகளை அழைப்பது போல, "பேட்டி, நீ என்ன வேலை பார்க்கிறாய்?" என்று கேட்டார். அன்று மாலை மாடிச் சாவியோடு ஆபீஸுக்கு வந்தாய். "மாடியக் கேக்கப் போனா மாடியப் பத்திப் பேசக் கூடாதுடி" என்று என்னிடம் சொன்னாய். கூச்சத்தால் யாரிடமும் எதையும் கேட்க முடியாத எனக்கு அது மந்திரவித்தை போல இருந்தது.

கொஞ்ச காலத்தில் காற்று மாறியது. வரும் அழைப்பு இலவசமானது. பெட்டிக்கடையில் சின்னச் சின்ன ரீசார்ஜ் கார்டு தொங்கியது. பழைய போன்கள் கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போய்ச் சேர்ந்தன. கிழக்கு தில்லி வரைபடம் முழுக்கப் பச்சையாகிவிட்டது. யமுனைக் கரையோரம் குடிசைகள் இருந்த ஒரே ஓர் இடம் மட்டும் சிக்னல் இல்லாமல் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

அங்கே வேனை நிறுத்தி, ஆபீஸில் இருந்த உன்னிடம், "ஏட்டி, கேக்கா? ஹலோ, கேக்கா?" என்று நான் கத்திக்கொண்டிருந்தபோதுதான் கன்னியம்மா வந்தாள். விழுப்புரத்துக்காரி. எதிரே இருந்த ஃபிளாட்டுகளில் வீட்டுவேலை செய்பவள். கையில் சாப்பாட்டுத் தூக்கு.

"இங்கல்லாம் கேக்காதும்மா. அந்தாண்ட கரைமேல ஏறுங்க, அங்க நின்னாதான் கேக்கும்" என்றாள் தமிழில்.

ஏறிப் பார்த்தேன். அந்தக் காட்சியை உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! கரை நெடுக ஆட்கள். கொத்தனார்கள், பெயின்டர்கள், வீட்டுவேலைப் பெண்கள், ரிக்‌ஷாக்காரர்கள். எல்லோர் கையிலும் போன். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, ஆற்றைப் பார்த்துக்கொண்டு, தமிழிலும் இந்தியிலும் வங்காளியிலும் பேசிக்கொண்டிருந்தார்கள். நம் கம்ப்யூட்டர், யாரும் பேசாத இடம் என்று காட்டிக்கொண்டிருந்த இடம் அது.

மறுநாளே நீ வந்து கன்னியம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாய். அவள் நடந்ததைச் சொன்னாள்: மகனுக்குக் காய்ச்சல் வந்த அன்று, பிள்ளையை விட்டுவிட்டுக் கரைக்கு ஓடிப் போன் செய்ய முடியவில்லை. மறுநாள் போனால் வீட்டுக்கார அம்மா வேறு ஆளை வைத்துவிட்டாள். அவள் கணவர் பெயின்டர்.

"மேஸ்திரி கூப்பிடுவாரு. எவன் மொதல்ல எடுக்கறானோ அவனுக்குத்தான் வேலை. எங்கூட்டுக்காரரு விடியறதுக்கு முன்ன போயி, பனியில கரைமேல குந்தினு இருப்பாரு. வூட்டுல படுத்திருந்தா போன் வெறும் பொட்டிதானே" என்றாள்.

திரும்பி வர வேனில் ஏறும்போது நீ கதவை ஓங்கிச் சாத்தினாய். உனக்குக் கோபம் வந்தால்தான் அப்படி.

நம் மேலதிகாரியிடம் போய் நின்றோம். "அந்த இடத்திலா? மிஸ்டு கால் கொடுத்துவிட்டு வைத்துவிடுவார்கள். டவர் ஜெனரேட்டருக்கு டீசல் செலவுகூடத் தேறாது" என்றார். கரைக்கு ஒரு முறை வந்து பாருங்கள் சார் என்று நீ கூப்பிட்டாய். அவர் வரவில்லை. ஆனால் உன் பிடிவாதம் அவருக்குத் தெரியும். கிடங்கில் ஒரு செட் சாமான் மீதியிருந்தது. மாத முடிவுக்குள் மாடி கிடைத்தால் எடுத்துக்கொள், இல்லையென்றால் அது குர்காவ் போகிறது என்றார்.

குடிசைகளின் கூரை டவரைத் தாங்காது. உயரமான இடம் என்றால் எதிரே இருந்த ஃபிளாட் சொசைட்டியின் தண்ணீர்த் தொட்டிக் கட்டடம் ஒன்றுதான். அதன் தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. போனவுடனேயே, "எங்களுக்கு சிக்னல் நன்றாகவே இருக்கிறது. அந்த ஜனங்களுக்காக எங்கள் தலைமேல் கம்பமா?" என்று கேட்டுவிட்டார். நீ மறுபடியும் போனாய். இந்த முறை வாட்ச்மேன் கேட்டையே திறக்கவில்லை. உன் வித்தை செல்லாத முதல் மாடி அது. அன்று வேனில் உட்கார்ந்து நீ அழுதாய்; நான் பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சலோ. கன்னியம்மா வீட்டுக்குப் போகலாம்" என்றாய்.

"அங்க போயி என்னட்டி செய்யப் போற?"

"நானா? நான் ஒண்ணும் பேசப் போறதில்ல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொசைட்டியின் பொதுக்கூட்டம். பூங்காவில் ஷாமியானா போட்டிருந்தார்கள். குளிர்கால வெயில், தட்டு நிறைய வேர்க்கடலை, டீ. டவர் பற்றியும் ஐந்து நிமிடம் பேசலாம் என்று செயலாளரிடம் எப்படியோ அனுமதி வாங்கியிருந்தாய். நம் முறை வந்தபோது நீ எழுந்து, "நான் பேசவில்லை. உங்களுக்குத் தெரிந்தவர்கள் பேசுவார்கள்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாய். ஷாமியானாவுக்குப் பின்னால் இருந்து கன்னியம்மா முன்னால் வந்தாள். அவளோடு பத்துப் பதினைந்து பெண்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒவ்வொரு வீட்டிலும் பாத்திரம் தேய்ப்பவர்கள், சப்பாத்தி போடுபவர்கள், குழந்தை பார்ப்பவர்கள்.

"இவங்க எல்லாம் எதுக்கு?" என்று தலைவர் எழுந்தார்.

கன்னியம்மா அவரைப் பார்க்கவே இல்லை. பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்து, தில்லியில் இத்தனை வருடம் புழங்கிய இந்தியில் பேசினாள்.

"மேம்சாப், நான் அன்னிக்கு வருவேனா மாட்டேனான்னு காலையில ஆறு மணிக்கே உங்களுக்குத் தெரிஞ்சா நல்லதா, கெட்டதா? சிங்க் நிறையப் பாத்திரத்தைப் போட்டுட்டு, பதினோரு மணி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு நிக்கறீங்க. வரலைன்னா என்னைத் திட்டறீங்க. என்கிட்ட போன் இருக்கு. உங்ககிட்டயும் இருக்கு. நடுவுல கம்பம்தான் இல்ல."

முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு வரிசையே சிரித்தது. பின்னால் இருந்து ஓர் அம்மாள், "போன வாரம் என் வீட்டில் விருந்தாளிகள் இருபது பேர், இவள் வரவில்லை! எனக்கு அழுகையே வந்துவிட்டது" என்றாள். இன்னொருத்தி, "தண்ணீர்த் தொட்டிமேல்தானே? தலையிலா வைக்கப் போகிறார்கள்?" என்றாள்.

ஓர் இளம் தகப்பன் மட்டும், குழந்தைகள் உடம்புக்கு இதனால் கெடுதல் வராதா என்று கேட்டான். நியாயமான கேள்வி. நீ என் முழங்கையில் இடித்தாய். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கூட்டத்தில் எழுந்து நின்றேன். ஆன்டெனா எந்தப் பக்கம் பார்த்து நிற்கும், எவ்வளவு உயரத்தில் இருக்கும், அரசாங்கம் விதித்த வரம்பு என்ன என்று சொல்லத் தொடங்கி, வரம்புக்கு இந்தியில் சொல் வராமல் விழித்தேன். "சீமா" என்று பின்னாலிருந்து நீ எடுத்துக் கொடுத்தாய். கேட்கிற வீட்டுக்கெல்லாம் நானே கருவியோடு வந்து அளந்து காட்டுகிறேன் என்று முடித்தேன். பிறகு அப்படியே போய் அளந்தும் காட்டினேன். ஒவ்வொரு வீட்டிலும் டீ, கடிக்க மொறுமொறு மட்ரி, பிள்ளைகளின் மார்க் ஷீட்!

சம்மதிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார் செயலாளர். முதலில் உயர்ந்த கையைப் பார்த்து நாம் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். தலைவரின் மனைவியுடைய கை அது. அவர் திரும்பி மனைவியை முறைத்தார். "என்னைப் பார்க்காதீர்கள். கன்னியம்மா வராத நாளில் நீங்களா பாத்திரம் தேய்க்கிறீர்கள்?" என்றார் அந்த அம்மாள். ஷாமியானா அதிர்ந்தது. அதன்பிறகு கைகளை எண்ணவே தேவையிருக்கவில்லை.

டவருக்கு உயிர் கொடுத்த அன்று காலை, கன்னியம்மா வீட்டு வாசலில் நின்றோம். சந்து முழுக்க ஆட்கள் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. கன்னியம்மா எண்களை அழுத்தினாள். ஊருக்குப் பேசப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஹலோ, மேம்சாப்? கன்னியம்மா பேசறேன். வீட்டிலேர்ந்துதான். ஆமா, வீட்டிலேர்ந்தே! இன்னிக்கு நான் லீவு."

சந்தே ஆர்ப்பரித்தது. நீ அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாய். அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று கேட்டதற்கு, "அச்சா, நாளைக்கு வந்துடு, சொன்னதுக்கு தாங்க்ஸ்னு சொல்றாங்கம்மா" என்றாள், தானே நம்பாதவளாக.

அதற்குப் பிறகு நடந்தது நம் கம்பெனியில் யாரும் எதிர்பார்க்காதது. சில வாரங்களிலேயே அந்த டவரில் பேச இடம் போதவில்லை. நெரிசல். கூடுதல் சாமான் வேண்டும் என்று நான் எழுதியதைப் பார்த்து மேலதிகாரி கணக்கை மறுபடி சரிபார்க்கச் சொன்னார். சரிபார்த்த பிறகு தானே காரில் கிளம்பி வந்தார். சந்து முனை மளிகைக் கடையில் ரீசார்ஜுக்கு வரிசை நிற்பதைப் பார்த்தார். "எனக்கு அப்போதே தெரியும்" என்றார்! காருக்குப் பின்னால் போய் நின்று நாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஆனால் உன்னிடம் வேறு சாம்பல் திட்டுகளின் பட்டியலைக் கேட்டதும் அவர்தான். அதையும் சொல்ல வேண்டும்.

அந்தச் சந்து எப்படி மாறியது என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். கன்னியம்மாவின் கணவர் கரைமேல் பனியில் உட்காருவதை நிறுத்தினார். வீட்டிலிருந்தே அழைப்பு எடுத்தார். பிறகு அவரே நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வீட்டுக்காரர்களிடம் நேரடியாகப் பேசி வேலை பிடித்தார். பெயின்ட் டப்பாவில் தன் போன் நம்பரை எழுதி, வேலை முடித்த வீட்டில் விட்டுவிட்டு வருவார். அந்தச் சந்திலேயே ஒருவர் போன் பழுது பார்க்கும் கடை போட்டார், இன்னொருவர் கவர் விற்றார், சார்ஜர் விற்றார். பெண்கள் ஒரு படி மேலே போனார்கள். எந்த வீட்டில் என்ன சம்பளம் என்று ஒருத்திக்கொருத்தி போனில் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். இனி மாதத்தில் இரண்டு ஞாயிறு லீவு என்று எல்லோரும் ஒரே காலையில், அவரவர் வீட்டுக்கு ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். சொசைட்டி கொஞ்சம் முணுமுணுத்தது. லீவு கிடைத்தது. தலைவரின் மனைவி உன்னைக் கூப்பிட்டு, "உன் டவரால் வந்த வினை" என்றார், சிரித்துக்கொண்டே. சொசைட்டிக்கும் நஷ்டமில்லை. டவர் வாடகையில்தான் பழுதான லிஃப்ட்டை மாற்றினார்கள்.

பிறகு தில்லி முழுக்க எத்தனை சாம்பல் திட்டுகள், எத்தனை மாடிகள்! ஒவ்வொரு இடத்திலும் கன்னியம்மாவின் கதையைச் சொல்லியே மாடி வாங்கினாய். தில்லியின் வானத்தில் கம்பம் கம்பமாக ஏறியது. இன்று கன்னியம்மா மெட்ரோ நிலையத்துக்கு வெளியே இட்லிக் கடை வைத்திருக்கிறாள். ஒட்டியிருக்கும் கட்டம்போட்ட அட்டையை எல்லோரும் போனில் பிடித்துப் பணம் அனுப்புகிறார்கள். பணம் வந்துவிட்டது என்று பெட்டி குரல் கொடுக்கிறது. ஆபீஸ் பிள்ளைகள் மெட்ரோவில் வரும்போதே ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். காய்ச்சல் வந்த அந்த மகன் இப்போது நம்முடையதைப் போன்ற கம்பெனி ஒன்றில் ஃபைபர் கேபிள் இணைக்கிறான்.

உன் உடம்பு கெட்டது இரண்டு குளிர்காலத்துக்கு முன். புற்றுநோய் என்று தெரிந்தபோதும் நீ வார்டில் படுத்துக்கொண்டு, "இந்த ரூம்ல சிக்னல் சுத்தமா இல்லடி. உள்ள ஒரு சின்ன ஆன்டெனா வெக்கணும், ஆஸ்பத்திரி பெரிய டாக்டர் எம்.எஸ்.கிட்ட நான் பேசறேன்" என்றாய். பேசியும் விட்டாய். நீ போன பிறகுதான் அதைப் பொருத்தினார்கள். இப்போது அந்த வார்டில் படுத்திருப்பவர்கள் படுக்கையிலிருந்தே வீட்டுக்குப் பேசுகிறார்கள்.

உன்னை எடுத்துச் சென்ற அன்று நான் யாருக்கும் சொல்லும் நிலையில் இல்லை. கன்னியம்மாவுக்கு மட்டும் சொன்னேன். மதியத்துக்குள் தெரு கொள்ளவில்லை. திரைத்துணி வியாபாரி, அவர் மகள், தலைவரின் மனைவி, பெயின்டர்கள், எனக்கு முகம் தெரியாத எத்தனையோ வீட்டுக்காரர்கள். நீ கேட்டு வாங்கிய மாடிகளெல்லாம் கீழே இறங்கி வந்து நின்றது போல இருந்தது. உன் அண்ணன் திகைத்துப்போய், "இவங்க எல்லாம் யார்?" என்று என்னிடம் கேட்டார். அழுதுகொண்டிருந்தவள், பெருமையில் நிமிர்ந்துவிட்டேன்.

உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது என்ன என்று பல நாள் யோசித்திருக்கிறேன். போன வாரம் விடை கிடைத்தது. ஓய்வுபெற்ற பிறகும் கம்பெனிக்கு அவ்வப்போது திட்டம் போட்டுக் கொடுக்கிறேன். பவானா பக்கம், தொழிற்சாலைப் பெண்கள் குடியிருக்கும் ஒரு புதிய இடத்தில் வீடியோ ஓடுவதில்லை, பணம் அனுப்ப முடிவதில்லை. மாடிக்காரர் ஒரு பிடிவாதக்காரக் கிழவர். போன ஆட்களையெல்லாம் துரத்திவிட்டார். வேறு இடம் பார்க்கலாம் மேடம் என்றான் கம்பெனிப் பையன். நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. நான் புள்ளி வைத்தவள்தானே!

மெட்ரோ, பேருந்து, ஈ-ரிக்‌ஷா எல்லாம் மாறிப் போய்ச் சேர்ந்தேன். கிழவர் கட்டிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். என் இந்தி இன்னும் திருநெல்வேலியில்தான் இருக்கிறது. என்ன பேசுவது என்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பட்டாணி உரித்தேன். அவர் தன் மருமகளைப் பற்றிச் சொன்னார். தையல் ஆலையில் வேலை, ராணுவத்தில் இருக்கும் கணவனோடு மாலையில் முகம் பார்த்துப் பேச மெயின் ரோடு வரை நடந்து போகிறாளாம், கைக்குழந்தையோடு. எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. "பாபுஜி, அந்தப் பெண் இங்கேயே, இந்தக் கட்டிலில் உட்கார்ந்து பேசட்டும். உங்கள் மாடியை எனக்குக் கொடுங்கள்" என்று நேருக்கு நேராகக் கேட்டேன். உன் வழி அது இல்லை; நீ இன்னும் இரண்டு முறையாவது போய் வந்திருப்பாய். என்னால் அப்படித்தான் கேட்க முடிந்தது.

அவர் கையிலிருந்த பட்டாணியைக் கீழே வைத்தார். பிறகு உள்ளே இருந்த மருமகள் பக்கம் திரும்பி, "பஹூ, மாடிச் சாவி எங்கே?" என்று குரல் கொடுத்தார்.

கிடைத்துவிட்டதடி! எனக்கு, நான் கேட்டு, ஒரு மாடி!